நூல் இக்கரையில், தெய்வம் அக்கரையில்

1968-இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது மெரினா கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுந்தது. ஒற்றைச் சிலம்பை ஏந்தி நீதி கேட்டு நிற்கும் அந்தக் கோலம் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. 2001 டிசம்பரில் அந்தச் சிலை அகற்றப்பட்டபோது பெரிய அரசியல் சர்ச்சை மூண்டது. 2006-இல் ஆட்சி மாறியதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. இத்தனை ஆரவாரத்திலும் ஒன்று மட்டும் நடக்கவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அந்தச் சிலையின் முன்னால் யாரும் நேர்த்திக்கடன் வைப்பதில்லை. தலைவர்கள் மாலை போடுவார்கள், அவ்வளவுதான். அதே 1968-இல் இலங்கையின் கிழக்குக் கரையில் ‘கண்ணகி வழக்குரை’ என்னும் ஏட்டை வி.சீ. கந்தையா பதிப்பித்தார், காரைதீவு இந்து சமய விருத்திச் சங்கம் அதை அச்சில் கொண்டுவந்தது. அந்த ஏடு படித்து ரசிப்பதற்காக இருந்த இலக்கியமல்ல. ஆண்டுதோறும் வைகாசியில் கோயிலில் அம்மன் முன்னிலையில் காதை காதையாகப் படித்து முடிக்க வேண்டிய சடங்கு நூல். ஒரே ஆண்டில், பாக்கு நீரிணையின் ஒரு பக்கம் கண்ணகிக்குச் சிலை கிடைத்தது, மறுபக்கம் அவளுடைய வழிபாட்டு ஏடு அச்சேறியது.

தெய்வம் ஒன்று எங்கே நிலைக்கும் என்று கேட்டால், அதைப் பற்றிய நூல் எங்கே போற்றப்படுகிறதோ அங்கே என்று சொல்லத் தோன்றும். படித்தவர்களின் பழக்கம் அது. கண்ணகியின் வரலாறு அந்த எண்ணத்துக்கு இடம் கொடுக்கவில்லை. சிலப்பதிகாரத்தைத் தன் காப்பியம் என்று கொண்டாடும் தமிழ்நாட்டில் கண்ணகியின் பெயரால் வழிபாடு நடக்கும் கோயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குமுளிக்கு மேலே மலையுச்சியில் இருக்கும் மங்கலதேவி கோயில் ஆண்டில் ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று, திறக்கிறது; அதுவும் இரண்டு மாநில அதிகாரிகளின் ஏற்பாட்டில். இலங்கையிலோ அவள் தமிழருக்குக் கண்ணகை அம்மன், சிங்களருக்குப் பத்தினி தெய்வம். கேரளத்தில் பகவதியோடு கலந்துவிட்டாள். இளங்கோவடிகளின் வரிகள் வழிபாட்டில் ஒலிக்காத இடங்களிலெல்லாம் அவள் உயிரோடிருக்கிறாள். இதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. மழை, அம்மை, வெக்கை ஆகியவற்றைக் கவனிக்கும் வேலை எங்கே அவளிடம் இருந்ததோ, அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக நடத்திக்கொடுக்க எங்கே ஆட்கள் இருந்தார்களோ, அங்கே தெய்வம் நின்றது என்பதே என் வாதம்.

இதற்கான முதல் சான்று சிலப்பதிகாரத்துக்குள்ளேயே இருக்கிறது. பதிகத்தை அடுத்து வரும் உரைபெறு கட்டுரை ஒரு பக்கத்துக்கும் குறைவான உரைநடை. பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். அது சொல்லும் செய்தி இது: பாண்டியன் செய்த அநீதிக்குப் பிறகு அவன் நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் உடலில் கொப்புளமும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்து விழா எடுத்த பிறகே மழை வந்தது, நோய் நீங்கியது. அதைக் கேட்டுக் கொங்கிளங்கோசரும், இலங்கையின் கயவாகுவும், சோழன் பெருங்கிள்ளியும் தங்கள் தங்கள் நாட்டில் அவளுக்கு விழா எடுத்தார்கள், மழை தவறாமல் பெய்தது. ஆயிரம் பேரைக் கொன்ற கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது, அந்த அரசர்கள் எதற்காக அவளை நாடுகிறார்கள் என்பது. கற்பைப் போற்றவோ நீதியின் சின்னத்தை நிறுவவோ அவர்கள் வரவில்லை. வறட்சியும் காய்ச்சலும் கொப்புளமும் அவர்களைக் கொண்டுவந்து நிறுத்தின. காப்பியத்தின் முகப்பிலேயே கண்ணகி அம்மைக்கும் மழைக்கும் உரிய தெய்வமாக நிற்கிறாள். அவளை அரசியல் நீதியின் உருவமாக மட்டும் பார்ப்பது நாம் பின்னால் பழகிக்கொண்டது.

நூல்தானே முதலில் வந்தது, அது இல்லையென்றால் இந்தத் தெய்வமே இருந்திருக்காதே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நூலே அப்படிச் சொல்லவில்லை. மதுரை எரிந்தபின் வேங்கை மர நிழலில் நின்ற கண்ணகி, வானூர்தியில் கோவலனோடு விண்ணேறுவதைக் கண்டவர்கள் மலைக்குறவர்கள். குன்றக்குரவையில் அவர்கள் அங்கேயே அவளைத் தம் குலத்துக்குத் தெய்வமாக ஏற்று ஆடிப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். வஞ்சியிலிருந்த சேர அரசன் செங்குட்டுவனுக்குச் செய்தி போவது அதற்குப் பிறகு. அவன் இமயத்துக்குக் கல்லெடுக்கப் போவது அதற்கும் பிறகு. அதாவது அரசனின் கோயிலுக்கு முன்னால் குறவரின் வழிபாடு இருந்தது என்று காப்பியம் எழுதியவரே ஒப்புக்கொள்கிறார். நற்றிணையின் 216-ஆம் பாட்டில் வேங்கை மரத்தடியில் ஒரு முலையை அறுத்துக்கொண்டு நின்ற திருமாவுண்ணி என்ற பெண்ணைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவள்தான் கண்ணகியா என்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. அவள் கண்ணகியேதான் என்று நிறுவ வேண்டிய அவசியமும் என் வாதத்துக்கு இல்லை. முலையைத் திருகிய பெண், வேங்கை மரம், துயரம் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒரு கதை காப்பியத்துக்கு வெளியே மக்கள் வாயில் இருந்தது என்பது போதும். இளங்கோ அதை எடுத்து மாபெரும் இலக்கியமாக்கினார். அந்தக் கதை அவரோடு நின்றுவிடவில்லை, தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது.

அடுத்த தடை கயவாகு, அதாவது கஜபாகு. இலங்கை அரசன் கஜபாகு வஞ்சிக்கு வந்து, கண்ணகி வழிபாட்டைக் கையோடு எடுத்துப்போனான் என்றால் விஷயம் முடிந்தது. அரசன் கொண்டுபோனான், அரசு காப்பாற்றியது. இந்த ஒரு பெயரை வைத்துச் செங்குட்டுவனுக்கும் அவன் வழியே சங்க காலத்துக்கும் 2-ஆம் நூற்றாண்டு என்று காலம் கணித்தவர்கள் உண்டு. 1904-இல் கனகசபைப் பிள்ளை எழுதிய ஆங்கில நூலுக்குப் பிறகு அது பாடப்புத்தக உண்மையாகவே ஆகிவிட்டது. ஆனால் அந்தக் கஜபாகுவின் 22 ஆண்டு ஆட்சியைப் பற்றிச் சொல்லும் மகாவம்சம் அவன் கட்டிய விகாரைகளையும் தூபிகளையும் குறிப்பிடுகிறதே தவிர, பத்தினியைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவன் சோழநாடு போய்ச் சிறைபட்டவர்களை மீட்டு, பத்தினியின் சிலம்புகளையும் கொண்டுவந்தான் என்பது பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட ராஜாவலிய போன்ற சிங்கள நூல்களின் கதை. பௌத்த பிக்குகள் எழுதிய நூல் வேற்றுத் தெய்வத்தைச் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று வாதிடலாம், இருக்கலாம். அப்படியானால் அரச ஆதரவு அவ்வளவு பெரிதாக இருந்திருக்காது என்றுதான் ஆகும். உரைபெறு கட்டுரையின் சான்று எதைக் காட்டுகிறது என்றால், அதை எழுதியவருக்கு இலங்கையில் ஆடி மாதம் கண்ணகிக்கு விழா நடக்கும் செய்தி எட்டியிருந்தது என்பதைத்தான். கண்டியின் எசலப் பெரஹரா என்ற ஊர்வல விழாவும் ஏறத்தாழ அதே பருவத்தில் வருவது கவர்ச்சியான ஒற்றுமை. ஆனால் பருவம் ஒத்துப்போவதை வைத்து 2-ஆம் நூற்றாண்டு அரசன் ஒருவனுக்குச் சாட்சி சொல்ல முடியாது.

பழமை வேண்டும் என்ற ஆசை எப்படி ஏமாற்றும் என்பதற்கு லண்டனில் ஒரு சாட்சி நிற்கிறது. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடைப்பட்ட பகுதியில் கிடைத்த, பொன்முலாம் பூசிய வெண்கலப் பெண் தெய்வச் சிலை அது. ஓர் ஆளுயரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, 8-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. ஆளுநராக இருந்த பிரவுன்ரிக் 1830-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். நெடுங்காலம் அதைப் பத்தினி என்றே சொல்லிவந்தார்கள். பிற்பாடு அது மகாயான பௌத்தத்தின் தாரா என்று முடிவானது. அதோடு 8-ஆம் நூற்றாண்டுப் பத்தினிக்கு இருந்த பெரிய சான்று கைநழுவியது. கணநாத் ஒபயசேகர 1984-இல் பத்தினி வழிபாட்டைப் பற்றி வெளியிட்ட பெருநூலில், கஜபாகு கதையை வரலாறாக எடுத்துக்கொள்ளாமல், தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாக மலையாளக் கரையிலிருந்து, வந்து குடியேறியவர்கள் தங்கள் வரவுக்குச் சொல்லிக்கொண்ட விளக்கமாகப் படிக்கிறார். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது. அரசன் ஒருவன் ஒருமுறை கொண்டுவந்த தெய்வமாக இருந்திருந்தால் தலைநகரில் ஒரு கோயிலோடு நின்றிருப்பாள். வயலும் சேரியும் தேடிக் குடியேறியவர்கள் கொண்டுவந்ததால்தான் அவள் ஊர் ஊராகப் போனாள். அரசு பின்னால் வந்து சேர்ந்துகொண்டது. கண்டி அரசில் 1660 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கில மாலுமி, தான் கண்ட பெரஹராவில் ஊர்வலம் வந்த மூன்று தெய்வங்களில் ஒன்றாகப் பத்தினியைக் குறிப்பிடுகிறார். 18-ஆம் நூற்றாண்டில், நாயக்க வம்சத்துக் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில்தான் புத்தரின் தந்தம் அந்த ஊர்வலத்தின் முன்னிலைக்கு வந்தது. இன்று உலகமே பௌத்த விழாவாகப் பார்க்கும் பெரஹராவில் நாதர், விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்ற நான்கு தேவாலய ஊர்வலங்களும் தொடர்கின்றன. அந்த நான்கில் பெண் இவள் ஒருத்திதான்.

காப்பியத்துக்கும் வழிபாட்டுக்கும் உள்ள தூரத்தைக் கதையிலேயே அளந்துவிடலாம். சிலப்பதிகாரத்தில் கண்ணகி புகாரில் மாநாய்கன் என்ற வணிகனின் மகள். இலங்கையின் சிங்களப் பாடல்களிலும் தமிழ் வழக்குரையிலும் அவள் மாங்கனியில் பிறந்தவள். பாண்டியனுக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு, அவனுடைய கொடுமைக்கு அளவில்லை. அவன் தோட்டத்தில் யாராலும் பறிக்க முடியாத ஒரு மாங்கனி தொங்குகிறது. கிழவன் வேடத்தில் வந்த சக்கரன், அதாவது இந்திரன், அம்பெய்து அதை வீழ்த்துகிறான், அண்ணாந்து பார்த்த பாண்டியனின் நெற்றிக்கண்ணில் பால் தெறித்து அந்தக் கண் அவிந்துபோகிறது என்று சிங்கள மரபு சொல்லும். கனியில் தோன்றிய குழந்தை பேழையில் வைத்து நீரில் விடப்பட, வணிகர் கையில் சேர்கிறது. ஆக, கண்ணகி மதுரைக்குப் போவது பிறந்த வீட்டுக்குப் போவது. பாண்டியனை அழிப்பது பிறப்பிலேயே விதித்த காரியம். தமிழ்நாட்டில் புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கிய ‘கோவலன் கதை’ முதலிய மக்கள் கதைப்பாடல்களும் காளியே கண்ணகியாகப் பிறந்தாள் என்று இதே பக்கம்தான் நிற்கின்றன. இரண்டு கரை மக்கள் மரபும் ஒன்றையொன்று ஒத்துப்போகின்றன, இரண்டும் இளங்கோவை விட்டு விலகுகின்றன. நூல் பரவிக் கதை திரிந்தது என்று இதற்கு விளக்கம் சொன்னால், கடலுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரி எப்படித் திரிந்தது என்பதற்கும் விளக்கம் சொல்ல வேண்டும். சிங்களப் பாடல்களில் சில, தமிழிலிருந்து வந்தவை என்று தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்கின்றன. அவற்றின் மூலம் வாய்மொழிச் சடங்குப் பாட்டு, சிலப்பதிகாரம் அல்ல. சிலப்பதிகாரமோ 1892-இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பிக்கும்வரை தமிழ்நாட்டிலேயே சில புலவர்களின் சுவடிக்கட்டுக்குள் இருந்தது.

சிங்களக் கிராமங்களில் பத்தினிக்கு நடக்கும் பெருஞ்சடங்கு கம்மடுவ. அறுவடைக்குப் பிறகோ, மழை தவறினாலோ, கொள்ளைநோய் பரவினாலோ ஊர் கூடிப் பந்தல் போட்டு இரவு முழுவதும் நடத்துவது. முப்பத்தைந்து கோல்முறை என்று தொகுதிப் பெயர் பெற்ற பாடல்கள் அதற்கு உண்டு. கப்புறாளை எனப்படும் பூசகர் சேலையுடுத்து, நகை பூண்டு, கையில் சிலம்பேந்திப் பத்தினியாகவே வந்து ஆடுவார். பாலங்கன், அதாவது நம் கோவலன், கொல்லப்படுவதும் பத்தினி அவனை உயிர்ப்பிப்பதும் அங்கே நாடகமாக நிகழும். பெண்ணின் நீதியைச் சொல்லும் தெய்வத்துக்குப் பூசை செய்பவர் ஆண், அவள் உடையை உடுத்துபவரும் ஆண். தெய்வம் பெண்ணாக இருந்தால் அந்தச் சமூகத்தில் பெண்ணுக்கு ஏற்றம் இருந்திருக்கும் என்று சுலபமாக முடிவுகட்டுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். கணவன் உயிர்த்தெழுவது காப்பியத்தில் ஒரு கணத் தோற்றம். இங்கே அது சடங்கின் உச்சம், ஏனென்றால் பட்ட வயலும் நோயுற்ற ஊரும் மறுபடி எழ வேண்டும். அங்கெலிய என்ற கொம்பு விளையாட்டிலும் இதே கணக்குதான். ஊர் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒன்று பாலங்கனுக்கும் ஒன்று பத்தினிக்கும் நின்று, கோத்த இரண்டு கொம்புகளை வடம் கட்டி இழுக்கும். ஒன்று முறிந்தால் தோற்ற கட்சியின்மேல் வாய்கூசும் வசை பொழியும். மட்டக்களப்புத் தமிழரிடம் இதுவே கொம்புமுறி. வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். இரண்டு மொழி, இரண்டு மதம், ஒரே விளையாட்டு. இரு இடத்திலும் நோயும் வறட்சியும் வந்தபோது ஆடியது.

கிழக்குக் கரையின் வைகாசி எப்படிப்பட்டது என்பது தெரிந்தால் அங்கே நடக்கும் குளிர்த்திச் சடங்கு புரியும். வடகீழ்ப் பருவமழை மாசியோடு ஓய்ந்துவிடும். வைகாசியில் மலைநாட்டைத் தாண்டி ஈரம் இழந்து வரும் கச்சான் காற்று வெக்கையாக அடிக்கும், குளங்கள் வற்றத் தொடங்கும், அம்மாள் வருத்தம் எனப்படும் அம்மை வீடு வீடாகத் தாவும் காலம் அது. அப்போதுதான் தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறக்கும். பல கோயில்களில் ஆண்டு முழுவதும் அடைத்திருக்கும் கதவு அந்தச் சில நாளுக்குத்தான் திறக்கிறது. கப்புகனார் பூசை செய்வார். சிங்களத்துக் கப்புறாளைக்கும் இவருக்கும் பெயரில் இருக்கும் உறவை விளக்க வேண்டியதில்லை. கோயில் காரியங்களை வண்ணக்கர் கவனிப்பார், தாய்வழியில் வரும் குடிகளுக்கு அதில் முறையும் உரிமையும் உண்டு. கல்யாணக்கால் நடுவார்கள். ஏடு படிப்பார்கள். கடைசி இரவில் குளிர்த்தி: பாட்டு ஒன்று ஒன்றாகப் போக, வேப்பிலைக் கொத்தால் நீரை அள்ளித் தெளித்து, மதுரையை எரித்த அம்மனை ஆற வேண்டும், குளிர வேண்டும் என்று கெஞ்சுவார்கள். எரித்துவிட்டு வந்தவளை ஆயர் பெண்கள் தயிரும் வெண்ணெயும் கொண்டு குளிர்வித்தார்கள் என்பது மரபு. கூடியிருப்பவர்கள் அந்தத் தீர்த்தத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். சிலப்பதிகாரம் வஞ்சியில் கல் நாட்டி, அரசர்கள் கூடி வரம் கேட்பதில் முடிகிறது. வழக்குரை குளிர்ச்சிக் காதையில் முடிகிறது. காப்பியத்துக்கு அரசன் தேவைப்பட்டான். வழிபாட்டுக்கு ஆறிய அம்மன் தேவை. இந்த ஒரு வேறுபாட்டில் என் வாதத்தின் பாதி அடங்கிவிடுகிறது.

கேரளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, சான்று ஒரே திசையில்தான் போகிறது. கொடுங்கல்லூர் பகவதியைக் கண்ணகியோடு இணைக்கும் மரபு பழையது. செங்குட்டுவனின் வஞ்சி அதுவா கரூரா என்ற பழைய வழக்கை இங்கே கிளற வேண்டாம். அந்தக் கோயிலுக்குள் வசூரிமாலை என்ற அம்மைத் தெய்வத்துக்கு மஞ்சள்பொடி தூவி வழிபடும் தனிச் சந்நிதி இருக்கிறது. பரணித் திருவிழாவின்போது பக்தர்கள் பாடும் வசைப்பாட்டு, அங்கெலியவின் வசையை உடனே நினைவூட்டும். திருவனந்தபுரத்து ஆற்றுகாலில் பொங்காலை நாட்களில் பாடும் தோற்றம்பாட்டு கண்ணகி கதைதான். பாண்டியன் வதை பாடும் கட்டத்தையொட்டித்தான் பொங்காலை அடுப்பில் தீ மூட்டுவார்கள். அங்கே அடுப்பு மூட்டும் பல லட்சம் பெண்களில் சிலப்பதிகாரம் படித்தவர் எத்தனை பேர் என்று கேட்பது வீண்.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இந்த இடத்தில் மறுக்கலாம்: இங்கே கண்ணகி மறையவில்லையே, மாரியம்மனாக ஊருக்கு ஊர் இருக்கிறாளே, வேப்பிலையும் கூழும் பொங்கலும் அவளுக்குத்தானே என்று. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது, ஆனால் அது சொல்பவருக்கே எதிராகத் திரும்பும். மாரியம்மன் கோயில்களில் வழங்கும் கதை பெரும்பாலும் ரேணுகையின் கதை. தலை மாறிய கதை. கோவலனும் சிலம்பும் அதில் இல்லை. அப்படியானால் நடந்தது என்ன? மழையையும் அம்மையையும் கவனிக்கும் வேலை தமிழ்நாட்டில் நிற்கவே இல்லை. அதைச் செய்யும் தெய்வம் மாறிவிட்டாள். வேலை மாரியம்மனிடம் போனது, பூசகரும் பந்தலும் மாதமும் அவளோடு போயின, கண்ணகிக்கு மிஞ்சியது பெயரும் கதையும். கதை கூத்துக்கும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகத்துக்கும், பிறகு 1964-இல் கருணாநிதியின் வசனத்தில் வந்த ‘பூம்புகார்’ திரைப்படத்துக்கும் போயிற்று. பெயர் அரசியல் மேடைக்குப் போயிற்று. இரண்டும் சிறிய பேறுகளல்ல. ஆனால் கூத்தும் மேடையும் தெய்வத்தை வளர்க்காது, பாத்திரத்தைத்தான் வளர்க்கும். சிலப்பதிகாரம் அச்சாகி, பாடமாகி, தமிழினத்தின் பெருமையாகி நூற்றாண்டு கடந்த பிறகும் தமிழ்நாட்டில் புதிதாக ஒரு கண்ணகி வழிபாடு வேர்பிடித்துப் பரவவில்லை என்பது, நூலுக்குத் தெய்வத்தைப் பிறப்பிக்கும் சக்தி இல்லை என்பதற்கு நம் கண்முன் நடந்த சோதனை.

யாழ்ப்பாணம் இதன் மறுதலை. அங்கே படிப்பின் அதிகாரமே கண்ணகியை எதிர்த்து நின்றது. ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகமத்துக்கு உட்பட்ட சைவத்தை நிலைநாட்டப் போராடியவர். சமணச் செட்டிப் பெண்ணைச் சைவர்கள் கும்பிடுவதா என்று கண்ணகி வழிபாட்டைக் கண்டித்தார். அவர் காலத்திலும் அவருக்குப் பின்னும் வடபகுதியில் பல கண்ணகை கோயில்கள் ராஜராஜேஸ்வரி என்றும் புவனேஸ்வரி என்றும் பெயர் மாறின, பிராமணக் குருக்கள் வந்தார்கள். இது என் வாதத்தை முறிக்கிறதே, படித்தவர் சொல் தெய்வத்தை மாற்றிவிட்டதே என்று தோன்றலாம். மாறியது எது என்று பார்த்தால் விடை கிடைக்கும். தெய்வத்தின் பெயரும் பூசகரும் மந்திரமும் மாறின. வைகாசியில் பொங்கல் வைப்பதும், அம்மாள் வருத்தம் வந்த வீட்டில் வேப்பிலை செருகி அம்மனுக்கு நேர்வதும் மாறவில்லை. முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளையில் பெயர்கூட மாறவில்லை. அங்கே வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரை எடுத்துவந்து விளக்கேற்றும் வழக்கம் தொடர்கிறது, போருக்கு முன்னும் பின்னும் பெருங்கூட்டம் கூடுகிறது. நாவலரின் கண்டனம் ஆகமம் செல்வாக்குப் பெற்ற இடத்தில் பலித்தது; வன்னியிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டை நடத்தியவர்கள் கப்புகனார், கட்டாடியார் என்ற பூசகர்களும் குடிகளும், அவர்களுக்கு ஆகமத்தின் அனுமதி தேவைப்படவில்லை.

கடைசியாக ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது, இதுதான் கடினமானது. பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதாக 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. வேலைதான் தெய்வத்தைக் காத்தது என்றால், தலையாய வேலை போனபின் அவள் ஏன் போகவில்லை? ஒரு பதில், சின்னம்மையும் சின்னமுத்தும் போகவில்லை என்பது. சிங்களத்தில் அவை இன்றும் தெய்வங்களின் நோய்தான். அது போதாத பதில். சிங்கள ஊர்களில் பிள்ளைக்கு நோய் வந்து தீர்ந்ததும் கிரி அம்மா தானம் கொடுப்பார்கள். பிள்ளை பெற்ற ஏழு தாய்மார்களை வீட்டுக்கு அழைத்து, பத்தினியின் பெயரால் பாற்சோறும் பலகாரமும் படைத்து உண்ணவைப்பது அது. அங்கே கப்புறாளை இல்லை, ஆண்களுக்கு வேலையே இல்லை. கம்மடுவ நடத்தும் ஊர்கள் குறைந்துவிட்டன. ஊர் முழுவதும் சேர்ந்து செலவு செய்ய வயலும் குத்தகையும் பழைய மாதிரி இல்லை. கிரி அம்மா தானத்துக்கோ ஓர் அடுப்பும் ஏழு தாய்மாரும் போதும். கொள்ளைநோயைத் தடுக்கும் ஊர்த்தெய்வத்திடமிருந்து, பிள்ளைப்பேற்றையும் பிள்ளையின் உடம்பையும் பார்த்துக்கொள்ளும் வீட்டுத்தெய்வத்திடம் வேலை நகர்ந்திருக்கிறது. கண்டியிலும் நவகமுவவிலும் பத்தினி தேவாலயத்துக்குக் கைக்குழந்தையோடு வரும் பெண்களின் வரிசையில் நிற்பவர்களுக்கு, பாண்டியன் அவையில் என்ன வழக்கு நடந்தது என்று தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். தடுப்பூசி அட்டை அவர்கள் கைப்பையில் இருக்கிறது, தட்டில் பழமும் பூவும் இருக்கின்றன. இரண்டும் ஒரே பிள்ளைக்காக.